சித்ரலேகா டீச்சர் குறைத்த மதிப்பெண்கள்

சித்ரலேகா டீச்சர் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறார். நான் அங்கே கணினித் துறையில் இருக்கிறேன். அவருடைய அக்காள் மகள் அவர் வகுப்பிலேயே படித்த வருடம், செய்முறைத் தேர்வில் அவளுக்கு மட்டும் மூன்று மதிப்பெண் குறைத்துப் போட்டார். கேட்டதற்கு, "நாலு பேரு பேசக் கூடாதுல்லா" என்றார். அதை நாங்கள் எல்லாரும் நேர்மை என்றுதான் சொன்னோம்.

அவர் கணவர் குருபிரசாத், ஏரலில் ஒரு தோப்புக்குள் ஆடு அடைத்துக் கிடந்த பழைய ஃபியட்டை வாங்கிவந்து எட்டு வருடம் சரிபார்த்தார். வண்ணார்பேட்டையில் மூன்று பேரோடு ஒரு ஷெட்டைப் பங்கு போட்டுப் பட்டறை நடத்தும் சுந்தர்தான் தகடு வேலை முழுக்கச் செய்தார். முறை வைத்து இவரை அண்ணன் என்றும் டீச்சரை மதினி என்றும்தான் கூப்பிடுவார். கார் ஓடுவதற்குள் குருபிரசாத் இறந்துபோனார். பதினாறாம் நாள் முடிந்ததும் டீச்சர் சாவியைச் சுந்தரிடம் கொடுத்துவிட்டார். பிறகு டீச்சர் அழுதோ சிரித்தோ நான் பார்த்ததில்லை. வருவார், பாடம் எடுப்பார், டிபன் பாக்ஸைப் பாதியில் மூடுவார்.

இந்த ஜனவரியில் கங்கைகொண்டான் பக்கம் ஒரு மைதானத்தில் பழைய கார்க் கண்காட்சி, போட்டியும் உண்டு. சுந்தர் அந்த ஃபியட்டை ஓடவைத்துப் போட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். முதல் பரிசு வாங்கும் பட்டறைக்குத் தன் ஐந்து பழைய கார்களையும் வேலைக்கு விடுவதாக மதுரைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் சுந்தர் தனி ஷெட் போட்டுவிடலாம். நடுவர்கள் மூன்று பேரில் டீச்சர் ஒருவர். போட்டிக் கார் எதனோடும் சம்பந்தம் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது. ஆர்.சி. புத்தகம் சுந்தர் பேரில் இருந்ததால், இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுந்தர் காரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. "ஏலே, ஹார்ன்ல கை வைக்காதலே. அரை மார்க்கு போயிரும்" என்று ஒருவர் இன்னொருவரை விரட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் மற்ற கார்களை நின்றபடி பார்த்தார். ஃபியட்டுக்கு மட்டும் குனிந்தார். டிரைவர் சீட்டுக்கு முன்னால் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். கீழே தகட்டில் உள்ளங்கை அளவு ஒட்டு. வெல்டிங் தடம் பெயிண்ட் பூச்சுக்குள் மறைந்திருந்தது, தெரிந்தவருக்குத்தான் தெரியும். அதைப் பற்றவைத்த அன்று டார்ச் லைட் பிடித்தவர் அவர்தான். பேனாவை எடுத்து எழுதினார். கதவு ரப்பர், கைப்பிடித் திருகு என்று ஒவ்வொன்றுக்கும் குறைத்து எழுதினார்.

கணக்கு வைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்; மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தது நான். சுந்தருக்கு மற்ற இருவரும் தொண்ணூற்றொன்று, தொண்ணூறு போட்டிருந்தார்கள். டீச்சர் எழுபத்தொன்று. மூன்று மதிப்பெண்ணில் ஒரு மோரிஸ் கார் முந்திவிட்டது.

கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு டீச்சர் கண்காட்சிப் பொறுப்பாளர் குற்றாலலிங்கத்திடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணாச்சி, அந்த ஃபியட் எங்க வீட்டுக் கார். நான் மார்க் போட்டிருக்கக் கூடாது. என் தாளை எடுத்துருங்க."

"கூட்டிப் போட்டிருந்தா எடுக்கலாம் டீச்சர். நீங்க குறைச்சுல்லா போட்டிருக்கீங்க. அதுக்கு யாரு சண்டைக்கு வரப்போறா? இப்ப எடுத்தா மோரிஸ்காரரு வருவாரு."

"தப்புதானே அது."

"பைய பேசுங்க. மைக் ஆன்ல இருக்கு."

அறிவித்துவிட்டார்கள். மதுரைக்காரர் மோரிஸ் பக்கம் போனார்.

ஒரு வாரம் கழித்துச் சுந்தர் கல்லூரிக்கு வந்தார். கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். ஆசிரியர் அறையில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான்.

"மதினி, ஒண்ணு கேக்கலாமா. மத்த காருக்கு மேட்டைத் தூக்கலையே நீங்க."

"தூக்கல."

"அப்புறம் ஏன்?"

"நம்ம காருன்னு யாருக்கும் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நெனச்சேன்."

"எல்லாருக்கும் தெரியும் மதினி. அண்ணன் எட்டு வருசமா அதைத் தள்ளிட்டுத் திரிஞ்சதை ஊரே பாத்திருக்கு. மத்த ரெண்டு நடுவரும் எங்கிட்ட வந்து துக்கம் கேட்டுட்டுத்தான் மார்க் போட்டாங்க."

டீச்சர் தலையசைத்தார். மணி அடித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, "ஷிப்ட் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு மணிக்கு."

"சாப்பிட்டுட்டுப் போ" என்று டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்திவிட்டு வகுப்புக்குப் போனார்.