செருப்புக்குள் வைத்த படிப்பு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஒருவகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த தகட்டுக்குள் இறங்கவிடுவாளாம். பிறகு தகட்டைக் கரைத்துவிட்டால், தலைமயிரை விடவும் மெல்லிய இழைகள் மிஞ்சுமாம்.

"இடியப்பம் மாதிரித்தான் அன்ரி. புழிஞ்சாப்பிறகு உரலைக் கரைச்சுப்போடுறம்."

"ஒவ்வொருக்காலும் புது உரலோ? நல்ல குடித்தனம்."

இழைகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்குமாம். சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் கால் விறைத்தவர்களுக்கு, எந்த இடத்தில் பாரம் கூடுகிறது என்று புண் வருமுன்பே செருப்பு சொல்லவேண்டும் என்பது அவள் எண்ணம். எனக்கும் அந்த வருத்தம்தான்; இடது பாதம் பஞ்சு மாதிரி, தொட்டாலும் தெரியாது. அதனால் ஒரு ஞாயிறு காலை, இழைத் துண்டு ஒட்டிய செருப்பைக் கொண்டுவந்து நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வைத்தாள். அதிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போனது.

"இடது காலை வைச்சு நில்லுங்கோ அன்ரி. நாளைக்குப் பேராசிரியருக்குக் காட்டவேணும். வேலை செய்யாட்டி முதல்லயிருந்து தொடங்கவேணும்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொப்பி, புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிள்ளை கண்விழித்துப் படித்துச் செய்ததை எப்படி மிதிப்பது? மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். ஜன்னல் கம்பியைப் பிடித்து, பாரத்தையெல்லாம் வலது காலில் தாங்கிக்கொண்டு, இடது காலைச் சும்மா வைத்தேன். திரையில் பாரம் காட்டும் கோடு அசையவில்லை.

"வடிவா அழுத்தி நிண்டனீங்களே?"

"ஓம் பிள்ளை."

வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். மறுபடியும் அப்படியேதான் நின்றேன். அவள் படியில் போய் உட்கார்ந்து, ஊரிலிருக்கும் தாய்க்குப் போன் எடுத்தாள்.

"திருவிழாவுக்கு வரேலாதம்மா. செய்தது சரிவரேல்லை."

அடுப்பில் பருப்பு அடிப்பிடிப்பது மணத்தது. நான் அசையவில்லை. அவள் போனை வைத்துவிட்டுச் செருப்பிலிருந்த இழைத் துண்டைப் பிய்க்கத் தொடங்கியதும்தான் எனக்கு வாய் திறந்தது.

"பிள்ளை, நான் மிதிக்கேல்லை."

"என்ன?"

"படிப்பெல்லே. காலால எப்பிடி?"

பிய்ப்பதை நிறுத்தினாள். "மிதிக்கத்தானே அன்ரி செய்தனான். தலையில வைக்கிறதெண்டா தொப்பியெல்லே செய்திருப்பன்."

செருப்பில் பாதித் துண்டு மிச்சம் இருந்தது. கம்பியை விட்டுவிட்டு, முழுப் பாரத்தோடும் நின்றேன். கோடு துள்ளி எழுந்தது. எனக்குத் தெரியாததை என் பாதம் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் தாய்க்குப் போன் எடுக்க மேலே ஓடினாள். பாதியைக் காட்டினால் பேராசிரியர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் போனபின் குனிந்து செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். பிய்ந்த ஓரம் விரலில் தட்டுப்பட்டது.