காலில் காப்பு போட்ட உள்ளான்

அறுபதுகளின் நடுவில், எல்லையில் சண்டை நின்று இரண்டு மூன்று மாசம் ஆகியிருந்த ஒரு கார்த்திகை. கடற்கரையில் அடித்த புயலின் மிச்சம் ஜவ்வாது மலையில் மூன்று நாள் கொட்டித் தீர்த்துவிட்டு அப்போதுதான் வெறித்திருந்தது. வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்கிக் கொடுப்பது என் தொழில். தோல் பதமாகக் கடுக்காய் வேண்டும், கடுக்காய்க்கு மலை ஏற வேண்டும். மழை விட்டதும் ஏறினேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன் நான். அதற்கு ஒரு மாசம் முன்பு மலைச் சந்தையில் நாலு பேர் கூடியதும், "எதிரிக்காரன் பறவை காலுல மெஷின் கட்டி அனுப்புறான், நாம பேசறது பூராவும் அங்க கேக்குது" என்று ஒரு கதை விட்டிருந்தேன். முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. அன்று முழுவதும் ஒருவர் காக்காயைக் கண்டால் பேச்சை நிறுத்தினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

எனக்குக் கடுக்காய் பொறுக்கித் தருகிற அம்மா ஒருவர் அந்த மலையில் இருந்தார். அம்மா என்றேனே தவிர, என் வயசுதான், முப்பது இருக்கும். நான் போய் நின்றதும் ஒரு கூடையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு உள்ளான், சேற்றில் இரை தேடுகிற பறவை. வளைந்த நீள மூக்கு, சேறு அப்பிய இறகு, பாதி மூடிய கண். குட்டை ஓரம் அவர் வைத்த கண்ணியில் மாட்டியிருந்தது.

"காலைப் பாருங்க பாய்" என்றார்.

குச்சிக் காலில் ஒரு உலோக வளையம். அதில் எண்கள், அப்புறம் இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ அயல்தேசத்து ஊர்ப் பெயர்.

நான் விட்ட கதை என்னையே தேடி வந்துவிட்டது. சந்தையில் கேட்டவர்கள் எல்லாம் மறந்துபோன கதையை அந்த நிமிஷம் நான் ஒருவன்தான் நம்பினேன். இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் என் பெயரைக் கேட்டதும் மறுபடி ஒரு தரம் முகத்தைப் பார்க்கிறவர்கள் இருந்த காலம் அது. அயல்நாட்டு வளையத்தோடு இவன் பிடிபட்டான் என்றால் யார் என் பேச்சைக் கேட்கப் போகிறார்கள்?

"கழுத்தைத் திருகிடும்மா. வளையத்தை ஓடையில வுட்டுடலாம்" என்று குசுகுசுத்தேன், வளையத்துக்குக் கேட்காதபடி.

"இன்னா பாய், புத்தியோடதான் பேசறீங்களா? காப்பு போட்டிருக்குது. இன்னொருத்தர் வூட்டு உசுரு இது."

அவர்கள் ஊரில் சாமிக்கு விட்ட மாட்டுக்குக் காலில் செம்புக் காப்பு போடுவார்கள். அது எந்த ஊருக்குப் போய் யார் கொல்லையை மேய்ந்தாலும் அடிக்கக் கூடாது. தண்ணீர் காட்ட வேண்டும், காப்பு போட்ட ஊருக்குச் சேதி அனுப்ப வேண்டும். குழம்புக்கென்று கண்ணி வைத்த அதே கை, காப்பைக் கண்டதும் பறவையின் சேற்றைத் துடைக்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வனத்துறை கார்டு வந்து சேர்ந்தார். நான் பாய்ந்து கூடையை மூடி, அதை மறைத்துக்கொண்டு கடுக்காய் மூட்டைமேல் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து "கிர்ரீப்" என்றது அது.

"இன்னா சத்தம்?"

"வயிறுங்க. ரெண்டு நாளா சரியில்ல."

மறுபடியும் கிர்ரீப். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்தேன். கார்டு நல்ல மனுஷர், மனசு கேட்கவில்லை. "மூட்டை மூட்டையா கடுக்காய வெச்சிக்கினு வயித்து வலின்றியே" என்று, அந்த அம்மாவை விட்டு ஒரு கை கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கலக்கச் சொன்னார். நான் கடைசிச் சொட்டுவரை குடிப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். கடுக்காய் வயிற்றுக்குள் போய் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அன்று மத்தியானம் நான் எத்தனை தடவை புதர்ப் பக்கம் ஓடினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோர்ந்து திரும்பியபோது அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். "காப்பு போட்டவங்களுக்கு நீங்க காகிதம் எழுதணும். எழுதறேன்னு சொல்ற வரைக்கும் ஒரு கடுக்காய் மலைய வுட்டு எறங்காது."

"அவங்க எதிரியா இருந்தா இன்னா பண்றது?"

"எதிரி மாடா இருந்தா தண்ணி காட்ட மாட்டோமா?"

எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். மூட்டைக்குக் குறி போடும் மையால், வளையத்தில் இருந்ததை எழுத்து பிசகாமல் ஒரு சாக்குத் துண்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் அவர் குட்டைச் சேற்றைக் கிளறிப் புழு பொறுக்கி அதற்கு ஊட்டினார். மூன்றாம் நாள் விடிந்ததும் பறவையைக் குட்டை ஓரம் ஏந்திப் போய்க் கையை விரித்தார். அது குட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிழக்கே, கடல் இருக்கிற திசையில் போனது.

திருப்பத்தூர் தபாலாபீசில், வெளிநாட்டுக்குப் போகிற நீலக் காகிதத்தில் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எழுதினேன். விலாசம், வளையத்தில் இருந்தது அவ்வளவுதான். அனுப்புகிறவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. ஒரு பொய்ப் பெயர் தயாராகவே இருந்தது. ஆனால் நான் மலை இறங்கக் கிளம்பும்போதே அந்த அம்மா கேட்டிருந்தார்: "உங்க பேரு இல்லாட்டி அவங்க யாருக்குப் பதில் சொல்வாங்க?" என் முழுப் பெயரையும் தெருவையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். அப்புறம் நாலு மாசம் காக்கிச் சட்டையைக் கண்டால் சந்துக்குள் நுழைந்தேன். ஒரு தடவை அந்தக் காக்கிச் சட்டை பஸ் கண்டக்டர். ஊருக்குப் போகிற கடைசி பஸ் அது.

பங்குனியில் பதில் வந்தது. தோல் ஷாப் கிளார்க் படித்துச் சொல்ல, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டேன். வடக்கே பனிக்கடல் ஓரத்தில் அந்தப் பறவைக்கு வளையம் போட்டிருக்கிறார்கள். குளிர் வந்தால் அது நம் கீழைக் கடற்கரைக்கும் சிலோனுக்கும் வருமாம். எந்தச் சேற்று நிலத்தில் இறங்குகிறது, எந்த உப்பளத்தில் இரை தேடுகிறது என்று பல தேசத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்களாம். அது தெரிந்தால்தான் அந்த இடங்களைப் பாழாகாமல் காக்க முடியும். புயல் தள்ளிய பறவை மலைக் குட்டையிலும் ஒதுங்கும் என்பதை என் கடிதம்தான் அவர்களுக்குச் சொன்னதாம். கடைசி வரியில், கண்டெடுத்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று இருந்தது.

மறுநாளே மலை ஏறினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "அவங்க வூட்டுதுதான்னு ஒத்துக்கினாங்களா? அப்ப சரி" என்றார். பிறகு எழுந்து போய், குட்டை ஓரம் இருந்த தன் கண்ணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கினார். "மழைக் காலத்துல இங்க இனிமே யாரு கண்ணி வெச்சாலும் நான் கேப்பேன்" என்று அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி சொன்னார். கேட்டார் என்பதும், கேட்ட பிறகு யாரும் வைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று எனக்கு ஐம்பது வயசு. கதை விடுவதை நிறுத்தவில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு உயிர் எதிரே வந்து நின்றால், என் கை கழுத்தைத் தேடிப் போவதற்கு முன்னால், அதன் காலில் யாராவது காப்பு போட்டிருக்கிறார்களா என்று கண் தேடிப் பார்க்கிறது.