'சி' வரைக்கும் வந்த இங்கிலீஷ்

எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், ஓசூர் வாசகசாலையில் இருந்த ஒரே ஆங்கில அகராதியை நான்கு மாதம் என் வீட்டிலேயே வைத்திருந்தேன். தவணை முடியும் நாளில் கொண்டுபோய்க் காட்டுவேன். கையெழுத்துப் போட்டு அப்போதே திரும்ப எடுத்து வந்துவிடுவேன். படிக்கத்தான் எடுத்தேன். ஆனால், பேரிகை கிராமத்திலிருந்து வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தவன் கையில் அது சிக்கக் கூடாது என்பதும் இருந்தது.

அவனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். போதாததற்கு இங்கிலீஷும் சரளமாக வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆண்டு விழாவுக்கு சப் கலெக்டர் வருகிறார், வரவேற்புரையை ஒரு மாணவனே இங்கிலீஷில் எழுதி வாசிக்க வேண்டும், எழுதிக் கொடுப்பதில் நல்லதை எடுத்துக்கொள்வேன் என்றார் ஹெட்மாஸ்டர். நான்தான் வாசிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

"டிக்‌ஷனரி உங்கிட்டதான் இருக்குதாமே. ரெண்டு நாள் குடேன்" என்றான் அவன்.

"நானே இன்னும் முடிக்கல."

"அதைப் போயி யாராவது முடிப்பாங்களாடா? சினிமாவா அது?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அகராதி கிடைக்காதவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். பெங்களூர் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். இங்கிலீஷ் பேப்பர் விரித்திருப்பவரின் ஜன்னலடியில் நின்று, தெரியாத சொல்லுக்குக் கன்னடத்தில் அர்த்தம் கேட்பான். சிலர் பேப்பரையே கொடுத்துவிட்டுப் போவார்கள். வெட்கங்கெட்டவன் என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் ஒருநாள் அங்கே போய், வாய் திறக்காமல் திரும்பி வந்ததைச் சொல்லவில்லை.

என் வழி வேறு. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, நாளுக்கு இருபது சொல். உரையை ஒப்படைக்கும் நாளில் 'சி' பாதியில் இருந்தேன். மனப்பாடம் செய்த கடினச் சொற்களையெல்லாம் அதில் இறக்கியிருந்தேன்.

ஹெட்மாஸ்டர் இருவர் தாளையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, பெரிய பெரிய வார்த்தையா போட்டிருக்கற. எல்லாம் ஏ, பி, சியிலயே நிக்குது. மிச்ச எழுத்தெல்லாம் லீவா?"

"இன்னும் அங்க வரலீங்க சார்."

"நீ வர்ற வரைக்கும் சப் கலெக்டர் காத்திருக்க மாட்டாருடா" என்று அவன் தாளை எடுத்து மேலே வைத்தார்.

விழாவில் அவன் வாசித்தான். பள்ளி விடுதியில் குடிதண்ணீர் இல்லை என்பதைக்கூடச் சொன்னான்; சப் கலெக்டர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்குத் தெரியாத ஒரு சொல்லாவது வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்திருந்தால், தோற்றதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். கடைசி வரை வரவில்லை. கை தட்டச் சொல்லிப் பக்கத்திலிருந்தவன் இடித்தான். எல்லோரும் நிறுத்திய பிறகு இரண்டு தட்டு தட்டினேன்.