சித்தியின் உதட்டில் பார்த்த படம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு வாசமும் அப்பாவின் குறட்டையும் ஒன்றாகக் கிளம்பும். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிற மனிதர் பகலில் தூங்காவிட்டால் ராத்திரி ஓடுகிற மெஷினில் கையை விட்டுவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால் அவர் படுத்திருக்கும்போது டிவி மூச்சுவிடக் கூடாது. "அந்த மனுசன் கண்ணசந்தாத்தான் நமக்குக் கஞ்சி" என்பாள்.

எனக்கோ அப்போதே வெளிநாட்டுப் படப் பைத்தியம். அட்டையின் அழகைப் பார்த்து சிடி கடையில் எடுத்து வருவேனே தவிர, உள்ளே என்ன பாஷை பேசுகிறார்கள் என்று எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அதே மில்லில் பகல் ஷிப்ட் பார்த்த அம்மாவின் தங்கை சரசு சித்திதான் வழி கண்டுபிடித்தாள். மெஷின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் மில்காரர்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, அதன் ஓரத்தில் எங்களைப் பார்த்து உட்கார்ந்து, அவ்வப்போது திரையை எட்டிப் பார்த்தபடி, சித்தி அந்த "மில்லுப் பேச்சில்" எனக்கும் தம்பிக்கும் கதை சொல்வாள். பாஷை தெரியாததெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பனி கொட்டினால், "பஞ்சு பறக்கு, பக்கத்துல மில்லு இருக்கு" என்பாள். நாங்களும் நம்பினோம்.

ஒரு படத்தில் ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி, பிழைக்கப் போன புருஷனுக்காக தினமும் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பாள். அவன் வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு மாலை சாத்துவதாக நான் நேர்ந்துகொண்டேன். கடைசியில் ஒரு பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, படம் அப்படியே நின்றுவிட்டது. சிடியைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் போட்டும் அதே கதவில்தான் வந்து நின்றது. முட்டிக்கொண்டு வந்த அழுகை அப்பாவை எழுப்பிவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது உள்ளறைக் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏ சரசு, அவன் இறங்குனானா இல்லையா? அதச் சொல்லு, பொறவு தூங்குதேன்."

குறட்டை எப்போது நின்றது என்று நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. காதில் விழாவிட்டால் போதும் என்று நினைத்த எங்களுக்கு, அவரும் மில்காரர்தானே என்பது தோன்றவே இல்லை. திறந்திருந்த அறைக்கதவு வழியாக ஆரம்பத்திலிருந்தே சித்தியின் உதட்டைப் படித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தி அசரவில்லை.

"வருதான் அத்தான். மூட்டை முடிச்சோட இறங்குதான்."

அப்பா சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாரமே ஆண்டாளுக்கு மாலையும் போனது.

இப்போது எந்த நாட்டுப் படமும் சப்டைட்டிலோடு வீட்டுக்கே வந்துவிடுகிறது. சிடி கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. சித்தி வத்திராயிருப்பில் மகள் வீட்டோடு இருக்கிறாள். அப்பாவின் காதை மில் இரைச்சல் முழுசாகத் தின்றுவிட்டது; டிவி எம்புட்டுக் கத்தினாலும் அவருக்கு ஒன்றுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சித்தியின் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் அந்தப் பழைய படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டேன். பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. ஒரு கிழவி மட்டும் இறங்கினாள், கதவு மூடிக்கொண்டது, பஸ் போய்விட்டது. நல்லவேளை, அப்பா திரையைப் பார்க்கவில்லை. என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதான்ப்பா" என்றேன்.