நான் உடைச்ச தேங்காயும் நான் ஒட்டின டயரும்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆடி மாசம், வெள்ளவத்தையில எங்கட பிளாட்டுக்குக் கிட்ட இருக்கிற கோயில் வாசலில தொடங்கின கதை இது. நடந்தது எண்டு சொல்லுறதை விட, நானே நடத்தி வைச்சது எண்டு சொல்லுறதுதான் சரி.

முதல்ல என்ர குணத்தைச் சொல்லவேணும். பழுதாப்போன சாமானை எறியிற பழக்கம் எனக்கு இல்லை. ஃபேன், ரைஸ் குக்கர், குடை, எதெண்டாலும் கழட்டிப் பாத்துத் திருத்திப் போடுவன். பிளாட்டில ஆருக்கும் ஒண்டு பழுதாப்போனா நேர எங்கட கதவைத்தான் தட்டுவினம். அதில எனக்குச் சரியான பெருமை. "புதுசு ஒண்டு வாங்குவமே" எண்டு என்ர மனுசி வாய் திறந்தாலே எனக்குக் கோவம் வந்திடும்.

பெற்றோலுக்கு வரிசையில நிண்ட காலத்தில, மெல்லிய டயர் போட்ட ரோட் பைக் ரெண்டு பழசில வாங்கினன். ரெண்டும் ஒரே சைஸ். ஒண்டு எனக்கு, மற்றது மனுசிக்கு. அவவுக்கு அப்ப நாப்பத்திமூண்டு வயசு, அதுவரைக்கும் சைக்கிளில ஏறினதே இல்லை. கடற்கரையோர மரீன் டிரைவில விடிய வெள்ளன நான் சீற்றைப் பிடிச்சுக்கொண்டு பின்னால ஓட, நடக்க வந்த சனம் நிண்டு பாத்துச் சிரிக்கும். ரெண்டு தரம் விழுந்து முழங்கால் கிழிஞ்சது. ரெண்டாம் தரம் விழுந்தாப் பிறகு மூண்டு மாசம் சைக்கிளைத் திரும்பியும் பாக்கேல்லை. நானும் சரி, முடிஞ்சுது எண்டு விட்டிட்டன். பிறகு ஒருநாள் காலமை எழும்பிப் பாக்கிறன், ஆளையும் காணேல்லை, சைக்கிளையும் காணேல்லை. பம்பலப்பிட்டி வரைக்கும் தனியப் போய்த் திரும்பி வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கிறா.

கொட்டாஞ்சேனையில ஒரு அக்கா சைக்கிள் குழு ஒண்டு நடத்துறா. ரெண்டு பேரும் அதில சேர்ந்தம். அந்த ஆடியில ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்புக்குப் போய் வாறதெண்டு குழு முடிவெடுத்தது. எங்கட வீட்டில இருந்து போக வர எண்பது கிலோமீற்றருக்கு மேல. மனுசிக்கு ஒரு மாசமா அதே நினைப்பு. போய் வந்திட்டன் எண்டா இனி எனக்கு ஒண்டுக்கும் பயமில்லை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சா. எனக்குத்தான் உள்ளுக்குள்ள பயம். இன்னொரு தரம் விழுந்தா அவ பிறகு ஏறவே மாட்டா. அதால, ஆருக்கும் சொல்லாமல் அஞ்சு தேங்காய் உடைக்கிறதெண்டு நேர்த்தி வைச்சன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் வாசலில நிண்டு அஞ்சையும் ஓங்கி அடிச்சன். ஒண்டும் சோடை போகேல்லை, எல்லாம் சுக்குநூறு. அந்த நேரம் பாத்து மனுசி பயிற்சி முடிச்சுச் சைக்கிளில அந்தப் பக்கத்தால வந்தா. எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேல்லை. கையைக் காட்டி, இஞ்சால வாரும், விபூதி பூசிக்கொண்டு போம் எண்டு கூப்பிட்டன். அவவும் நம்பி, சிதறிக் கிடந்த சிரட்டைக்குள்ளால நேர வந்தா. உஸ் எண்டு ஒரு சத்தம். பின் டயரின்ர பக்கவாட்டில சிரட்டைத் துண்டு ஒண்டு ஏறி நிக்குது. நேர்த்தி வைச்சதும் நான், உடைச்சதும் நான், கூப்பிட்டதும் நான். ஆரை நோகிறது?

அடுத்த நாள் காலமை கடைக்குப் போனன். அந்த சைஸ் டயர் முடிஞ்சுது மஹத்தயா, அடுத்த கிழமைதான் வரும் எண்டு சிங்களக் கடைக்காரர் சொன்னார். உண்மையைச் சொன்னா எனக்குச் சந்தோசம். கைவசம் தொழில் இருக்கேக்க ஏன் புதுசு? பழைய டயர் ஒண்டில ரெண்டு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டி, விளிம்பைச் சீவி மெல்லிசாக்கி, உள்பக்கமா சொலூசன் பூசி ஒட்டினன். காயவிட்டு அதுக்கு மேல இன்னொரு படை. டியூபுக்கும் ஒட்டுப் போட்டுக் காத்தடிச்சுப் பாத்தா, வெளியில ஒரு கோடுதான் தெரியுது. படமெடுத்துக் குழுவுக்கும் அனுப்பினன். நாலு பேர் கைதட்டுற படம் போட்டிச்சினம்.

பின்னேரம் கொட்டாஞ்சேனை அக்கா அந்தப் படத்தைப் பாத்திட்டு மனுசிக்குப் போன் எடுத்தா. ஸ்பீக்கரில போட்டிருந்ததால எனக்கும் கேட்டுது.

"தங்கச்சி, ரோட்டில படுற இடத்தில சின்ன ஓட்டையெண்டா ஒட்டலாம். சைட்ல ரப்பருக்குள்ள இருக்கிற நூல் அறுந்திருந்தா டயர் மாத்தத்தான் வேணும்."

எனக்குச் சுரீர் எண்டுது. முப்பது வருஷமா ஒட்டுறவனுக்குப் பாடம் எடுக்கிறாவோ எண்டு எழும்பினன். அதுக்குள்ள மனுசி மறுமொழி சொல்லிட்டா. "அவர் பாத்தா சரியாத்தான் இருக்கும் அக்கா. நான் அதிலதான் வாறன்."

அவ சந்தேகப்பட்டிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பன். நம்பினதாலதான் எனக்கு ஒரு மாதிரி வந்தது. பல்கனிக்குப் போய், ஒட்டின இடத்தை விரலால தடவிப் பாத்தன். மத்தியானம் மட்டமா இருந்த இடத்தில கடலை அளவுக்கு ஒரு வீக்கம். வேற ஆரின்ரயும் வேலையெண்டா அந்த நிமிஷமே தூக்கி எறி எண்டிருப்பன். என்ர வேலை எண்டபடியால, இது ஒண்டும் செய்யாது, நாளைக்கு ஒருநாள்தானே எண்டு எனக்கு நானே சமாதானம் சொன்னன். பிறகு நீர்கொழும்புக்குப் போற வழியில பேலியகொடைப் பக்கம் பாலத்தால இறங்கிற வேகமும், பின்னால ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வாற லொறியளும், அதுக்கு முன்னால அவ போறதும் கண்ணுக்குள்ள வந்தது.

என்ர சைக்கிளும் அங்கதான் நிண்டது. அதின்ர பின் டயர் நல்ல டயர். ரெண்டையும் கழட்டினன். என்ரதை அவவின்ர சைக்கிளில போட்டு முடியிற நேரம் மனுசி வந்து பாத்தா. என்ன செய்யிறியள் எண்டு கேட்டா. அப்ப நீங்கள் எதில வருவியள் எண்டு கேட்டா. நான் வரேல்லை எண்டன். அவவுக்கு முகம் மாறிப்போச்சு. நீங்கள் இல்லாமல் நான் போகமாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிண்டா. பிறகு கழட்டின டயரைப் பாத்திட்டு மெதுவாக் கேட்டா.

"அப்ப, நீங்கள் ஒட்டினது பிழைச்சுப் போச்சோ?"

இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில இந்தக் கேள்விக்கு நான் நேராப் பதில் சொன்னதே இல்லை. கடை சரியில்லை, சாமான் சரியில்லை, கரண்ட் சரியில்லை எண்டு ஆயிரம் சாட்டுச் சொல்லியிருப்பன். அண்டைக்குக் கையில இருந்த பம்பைக் கீழ வைச்சன்.

"ஓம், பிழைச்சுப் போச்சு. நான்தான் பிழை விட்டனான். நீர் என்ர டயரில போயிட்டு வாரும்."

அவ தன்ர ஹெல்மெட்டை எடுத்துத் துடைச்சு வாசலில வைச்சா. ஞாயிறு விடிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தனியா இறங்கினா. கேற்றடியில நிண்டு அவவின்ர சிவப்பு லைற் மெயின் ரோட்டான காலி வீதியில மறையிறவரை பாத்துக்கொண்டு நிண்டன்.

மேல வந்தும் எனக்கு மனம் கேக்கேல்லை. ஒட்டின டயரை என்ர சைக்கிளில பூட்டி, முழுக் காத்தடிச்சு, பல்கனியில வெயிலில விட்டன். எவ்வளவு நேரம் நிக்குது எண்டு பாக்கத்தான். நிண்டால் மனுசிக்குச் சொல்லிக் காட்டலாம் எண்டும் ஒரு ஆசை, பொய் சொல்லுவானேன். ஒன்பதரை இருக்கும், குசினிக்குள்ள நிக்கிறன், படார் எண்டு வெடிச்சுது. பக்கத்து வீட்டு ஆக்கள் காஸ் சிலிண்டர் எண்டு நினைச்சு வெளியில ஓடி வந்திட்டினம். போய்ப் பாத்தா ஒட்டின துண்டோட டயரின்ர பக்கம் ஒரு சாண் கிழிஞ்சு தொங்குது. அப்பிடியே நிலத்தில இருந்திட்டன்.

கொஞ்சத்தால போன் அடிச்சுது. நீர்கொழும்பில இருந்து மனுசி. மூச்சு வாங்க வாங்க, "இஞ்சருங்கோ, நான் வந்திட்டன்" எண்டா. அழுதிட்டன், அதையும் இப்பத்தான் சொல்லுறன்.

பின்னேரம் முகமெல்லாம் உப்புப் பூத்து, வெயிலில கறுத்துக் களைச்சு வந்தா. லிஃப்டில ஏறின அத்தனை பேருக்கும், இவ நீர்கொழும்புக்குச் சைக்கிளில போயிட்டு வாறா எண்டு நான்தான் சொன்னன். மேல வந்து கிழிஞ்ச டயரைக் காட்டினன். ஒளிக்கேல்லை. அதைத் தடவிப் பாத்திட்டு என்ர தலையில ஒரு குட்டுப் போட்டா.

இப்பவும் பிளாட்டில ஆரும் பழுதான சாமானோட வந்தா வாங்கித் திருத்திக் குடுக்கிறன்தான், ஆனா இவ்வளவு காலமும் நான் திருத்தினது எல்லாத்தையும் விட, பிழைச்சுப் போச்சு எண்டு வாய் திறந்து சொல்லி என்ர மனுசியை அந்தப் பாலத்தால பத்திரமா அனுப்பின அந்தப் பின்னேரத்தை நினைச்சாத்தான் எனக்கு நெஞ்சு நிமிருது.