தோலுப்பு தூவிய குழி

யாராவது ஒன்று சொன்னால், அதில் தன் பங்குக்கு ஒரு கை சேர்க்காவிட்டால் சவுரியம்மாளுக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

ஆம்பூரில் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில், உப்புப் போட்டு வருகிற பச்சைத்தோலிலிருந்து பதினாறு வருஷமாக உப்பு உதறுகிறாள். விரலெல்லாம் வெடித்துப் புண். புருஷன் போன பிறகு நாற்பது வாத்து வளர்த்தாள். முட்டை வியாபாரம் நிலைத்துவிட்டால் ஷாப்புக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். அவளுக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். பாவி மழை அந்த வருஷம் பார்த்தா பொய்க்க வேண்டும்? ஏரி வற்றத் தொடங்கியது. வாத்து பொறுக்க நத்தைகூட இல்லை.

பெங்களூரில் பட்டாளத்து மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த தம்பி தானியேல் வழி சொன்னான். "கிணத்துத் தோட்டத்துல பச்சைச் சோளத்தட்டு, சக்கரவள்ளிக் கொடி கெடைக்கும்க்கா. பொடிசா நறுக்கி, குழியில போட்டு, காத்து போவாம மிதிச்சு, மண்ணப் போட்டு மூடிடு. நாப்பது நாள்ல புளிச்சு நிக்கும், கெடாது. மாடு துன்னுது, வாத்து துன்னாதா?"

"உப்பு எவ்ளோடா?"

"ஒண்ணும் வேணாம்."

அவன் ரயிலேறியதுதான் தாமதம். "உப்பில்லாம எந்த ஊறுகா நின்னுச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஷாப்பில் உதறிக் கொட்டிய தோலுப்பை மூன்று கூடை அள்ளிவந்து அடுக்குக்கு அடுக்கு தூவினாள். ஊரார் தென்னைக்குப் போடுகிற உப்புதானே என்ற நினைப்பு.

குழியைத் திறந்தபோது நல்ல புளித்த வாசனை. வாத்துகள் அடித்துப்பிடித்துத் தின்றன. பிறகு தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவே இல்லை. குடித்தன, குடித்தன, கால் மடங்கிச் சாய்ந்தன. மறுநாள் மிஞ்சியவை மூன்றே மூன்று. "ஐயோ, என் கையாலயே கொன்னுட்டேனே!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சேதி கேட்டு ஓடிவந்த தானியேல், குழியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டான். தூவென்று துப்பினான்.

"இன்னாக்கா இது, வெறும் உப்பு! போடறதுக்கு முன்னாடி வாயில வெச்சுப் பாக்கக் கூடாதா?"

"பாத்தேன்டா. ஒரு பிடி துன்னேன்."

நம்பாமல் பார்த்தான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் கண்முன்னாலேயே இன்னொரு பிடி அள்ளிப் போட்டு, நிதானமாக மென்றாள். முகம் சுளிக்கவில்லை.

"புளிப்புதான் தெரியுது. உப்பு கம்மியாத்தான் இருக்குது, தானியேலு."

பதினாறு வருஷ உப்பில் வெடித்துக் கிடந்த அவள் விரல்களைத் தம்பி பார்த்தான். திங்கட்கிழமை ஷாப்புச் சங்கு ஊதியதும் அவள் உப்பு உதறப் போய்விட்டாள்.