வலது ஓரத்தில் ஆடியவன்

குவாபெனாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல நெல்லித்தோப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கறிக்கடைக்காரர் சொல்வார், சர்ச்சில் மணியடிக்கிற கோயில் பிள்ளை சொல்வார், எதிர்வீட்டு நாய்க்கு வாயிருந்தால் அதுவும் சொல்லும். என்னிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். அவன் என் தங்கை மெரினின் புருஷன். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் அவன் கதையை அடி முதல் நுனி வரை தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

கானாவில் தங்கச் சுரங்கம் இருக்கிற ஓர் ஊரில் பிறந்தவன். செவ்வாய்க்கிழமை பிறக்கிற ஆண்பிள்ளைக்கு அங்கே குவாபெனா என்று பெயராம். நம் ஊரில் செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். பதினெட்டு வயதில் ஓர் ஏஜென்ட் அவனை ஃபுட்பால் ஆட பின்லாந்துக்குக் கூட்டிப்போனான். ஏப்ரலில்கூட மைதான ஓரத்தில் பனியைக் குவித்து வைத்திருப்பார்களாம். இவன் ரைட் விங். வலது ஓரக் கோட்டை ஒட்டி ஓடுகிறவன், அதனால் பாதி ஆட்டம் அந்தப் பனிக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறான். இரண்டு வருஷம் கழித்து ஸ்லோவாக்கியா. அப்புறம் பெல்ஜியத்தில் இரண்டாம் டிவிஷன். அதுதான் அவனுடைய நல்ல காலம். ஒரே சீசனில் பதினொரு கோல், ஏழாம் நம்பர் சட்டை, கடைத்தெருவில் பையன்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். அதன்பின் சைப்ரஸ், மால்டா, மறுபடி பெல்ஜியத்தில் மூன்றாம் டிவிஷன். மால்டாவில் கோச்சின் சட்டையைப் பிடித்ததற்காகத் துரத்தினார்கள். கடைசி இடத்தில் வலது முட்டியின் தசைநார் அறுந்தது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் மெரின் நர்ஸ். பதினோரு வருஷம், ஆறு கிளப், ஒரு முட்டி, ஒரு பெண்டாட்டி. அவன் ஐரோப்பா வாழ்க்கை இவ்வளவுதான்.

இதையெல்லாம் அவனே எனக்குச் சொன்னான். அம்மா ஸ்டெல்லாமேரிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதும், மெரின் வேலையை விட்டுவிட்டு அவனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் எனக்குப் பிரெஞ்சு தெரியும், பெல்ஜியத்தில் ஆடியதில் அவனுக்கும் தெரியும். வீட்டில் அவனுக்குப் பேச்சுத்துணை நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மாடியில் ஆளுக்கொரு பீரை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். மால்டா சமாச்சாரம் மெரினுக்கே தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னான். வந்த முதல் ஒரு வருஷம் எனக்கும் அவன் மேல் பிரியம்தான். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

நானும் ரைட் விங்தான். அதுதான் கோளாறு. பத்தொன்பது வயதில் லியோனில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய், மூன்று மாச விசாவில் மூன்று கிளப்பில் ஆடிக் காட்டினேன். மூன்றிலும் ஒரே பதில்: வேகம் போதாது. ஊருக்குத் திரும்பியதும் முட்டியில் அடி என்று சொல்லிவிட்டேன். யார் எக்ஸ்ரே கேட்டார்கள்? பதினாறு வருஷம் அந்தப் பொய் சௌக்கியமாக இருந்தது. வாரநாளில் சேதராப்பட்டில் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. சனி, ஞாயிறு காலையில் உப்பளம் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சிங். முட்டி மட்டும் நன்றாக இருந்திருந்தால் சார் எங்கேயோ போயிருப்பார் என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வார்கள். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன்.

நானே வலியப் போய்த்தான் குவாபெனாவை அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஓணானைத் தூக்கி வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. ஒருநாள் பையன்களுக்கு கிராஸ் அடித்துக் காட்டிவிட்டு நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தேன், வழக்கம்போல. அவன் குனிந்து இரண்டு கையாலும் என் முட்டியைப் பிடித்தான், மடக்கினான், நீட்டினான், பக்கவாட்டில் ஆட்டினான். வந்து ஒரு வருஷத்தில் அரைகுறையாகத் தமிழ் கற்றிருந்தான்.

“மச்சான், இதுல ஒண்ணும் இல்ல. புது முட்டி. உனக்கு அடியே பட்டதில்ல!” என்றான்.

சந்தோஷமாகத்தான் சொன்னான். நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு சொன்னான். பதினைந்து பெற்றோர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அபி என்கிற பையனின் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு என் உடம்பு எரிந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அடுத்த மாசமே பிள்ளைகள் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். அவனிடம் முப்பது பேர், என்னிடம் நாலு பேர். அந்த நாலு பேரும் என் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். பெற்றோர்கள் மாசாமாசம் அவனுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அவன் அதை மெரினிடம் கொடுத்தபோது அவள் பூரித்துப்போனதை நான் பார்த்தேன். வீட்டில் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் அவன், ஊரில் பேர் வாங்குவதும் அவன். என் வீட்டில் எனக்கு இன்னா வேலை?

அவன் இங்கே இருப்பது இந்தியப் பெண்ணைக் கட்டியவனுக்குத் தரும் விசாவில். அதில் தங்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அது எனக்குத் தெரியும். அவனுக்குச் சரியாகத் தெரியாது. எடுத்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பான். நான் எடுத்துச் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்கிற ஆபீசுக்கு மொட்டைக் கடிதாசி போட்டேன். சம்பள விஷயத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. 2017-ல் மால்டாவில் கோச்சை அடிக்கப் போனவன், அங்கேயும் போட்டிருந்த ஏழாம் நம்பர் சட்டை பிடுங்கப்பட்டுத் துரத்தப்பட்டவன், இப்படிப்பட்டவனிடமா நம் பிள்ளைகள் என்று இரண்டு பக்கம் எழுதினேன்.

பத்து நாளில் குவாபெனாவை வரச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. தமிழ் சரியாக வராது, கூட வா மச்சான் என்று என்னையே கூப்பிட்டான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பது? போனேன்.

அதிகாரி கலியபெருமாள் நிதானமான மனுஷர். கடிதாசியை மேசைமேல் விரித்து என் பக்கம் தள்ளினார்.

“யாரோ பேர் போடாம எழுதியிருக்காங்க. நீங்களே படிச்சு உங்க மாப்ளைக்கு அவருக்குப் புரியற பாஷையில சொல்லிடுங்க. அப்புறம் நான் சொல்லலன்னு இருக்கக் கூடாது.”

நான் எழுதியதை நானே வரிவரியாக அவனுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். மால்டா வரி வந்தது. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். சுவரையோ அதிகாரியையோ பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து, கடிதாசியில் நான் எண்ணால் எழுதியிருந்த 7-ன் மேல் விரலை வைத்தான். அங்கே நடுவில் குறுக்கே ஒரு கோடு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் போடும் ஏழு. ஒன்றாம் வகுப்பில் அடித்துப் பழக்கியது, அது என் கையை விட்டுப் போகாது. வீட்டு காலண்டரில், கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய சீட்டில், மாடித் தண்ணீர்த் தொட்டியில் நான் எழுதிய தேதியில், எல்லாவற்றிலும் என் ஏழு அப்படித்தான் நிற்கும். கையெழுத்தை மறைக்கச் சாய்த்துச் சாய்த்து எழுதியவன் ஏழை மறந்திருந்தேன்.

கலியபெருமாளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவன் விசாவை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தெரியாம செஞ்சிருக்காருன்னு நானே எழுதி அனுப்பிடறேன். சின்னக் கொழந்த இருக்குது, உடம்பு முடியாத மாமியார் இருக்காங்க. ஒண்ணே ஒண்ணு வேணும். வீட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கதானே? இனிமே சம்பளத்துக்கு வேல செய்ய மாட்டார், என் பொறுப்புல என் வீட்டுலதான் இருப்பார்னு தமிழ்ல கைப்பட எழுதிக் குடுங்க. இங்கியே. அது இருந்தா மேல கேக்க மாட்டாங்க.”

வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தார். அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே கடிதாசி, இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. நான் பேனாவை எடுத்தேன். எங்கள் கதவிலக்கம் 27. அவன் பாஸ்போர்ட் நம்பரில் இரண்டு ஏழு. ஏழை மாற்றிப் போட்டாலும், கடிதாசியில் சாய்த்தும் மறையாத என் ‘ழ’வை எப்படி மாற்றுவேன்? நாலு வரி எழுதினால் அவன் பிழைப்பான், நான் மாட்டுவேன்.

“நீங்க எழுதுங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார் அதிகாரி.

நான் பேனாவை மூடி வைத்தேன். “என்னால பொறுப்பெடுக்க முடியாது சார்” என்றேன்.

அவர் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அம்மாவோட கையெழுத்து?” என்று கேட்டார். “கை வெளங்கல சார்.” “தங்கச்சி?” என்று அவரே ஆரம்பித்து, “பெண்சாதி எழுதினா செல்லாது” என்று அவரே முடித்தார். குவாபெனாவுக்குப் பாதி புரிந்தது. மீதியை நான் மொழிபெயர்க்கவில்லை. பதினைந்து நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு டைப் ஆனது.

வெளியே வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் அவன் பிரெஞ்சில் பேசினான். கத்தவில்லை, கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

“ஆறு கிளப் என்னைத் துரத்தியது. ஆறு பேரும் எதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். மால்டாக்காரன்கூட. மெரினிடம் நீயே சொல்” என்றான். சொல்லிவிட்டு வண்டியில் ஏறாமல் நடந்தே போனான்.

நான் போய்ச் சொன்னேன். மெரின் சமையலறையில் கெளுத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கடிதாசியிலிருந்து ஆரம்பித்து முட்டி, மைதானம், ஆபீஸ் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடிகிறவரை அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“லெட்டர் எழுதனது ஆத்திரத்துல. சரி. அந்த ஆபீசரு கேட்ட நாலு வரிய ஏன்ணா எழுதல?”

“எழுதனா மாட்டியிருப்பேன் மெரின்.”

“யார்கிட்ட? அவருக்குத்தான் அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சே. யாரோ ஒரு ஆபீசரு உன்னத் தப்பா நெனைக்கக் கூடாதுன்னா என் புருஷன அனுப்புன?”

நான் திரும்பி மாடிக்கு ஏறிப் போனேன்.

பதினாலாம் நாள் காலையில் மூன்று பேரும் பெட்டியோடு கிளம்பினார்கள். மெரின் நான் நின்ற பக்கம் வராமல், கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்று அம்மாவுக்கு முத்தம் கொடுத்தாள். குழந்தை என்னிடம் வரக் கையை நீட்டியபோது அவன் அவளைத் தோள் மாற்றிக்கொண்டான். வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. யாரும் என்னிடம் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.